ஒரே மைக்கில் அண்ணனும் தங்கையும்

அமெரிக்காவின் கிழக்குக் கென்டக்கி மலையில் ஆர்லீனா ஸ்டிடம் என்று சொன்னால், "யாரு, ஹோபர்ட்டோட தங்கச்சியா?" என்றுதான் கேட்பார்கள். ஹோபர்ட் செத்துப் பல வருடம் ஆன பிறகும் அப்படித்தான். முப்பது வருடம் சனிக்கிழமை தவறாமல் உள்ளூர் ரேடியோவில் பாடியவளுக்கு ஊர் கொடுத்த பட்டம் அவ்வளவே. அவளுக்கும் அதில் குறையில்லை. கிட்டாரும் முதல் குரலும் அண்ணனுடையவை. அதற்கு மேலே ஒட்டிக்கொண்டு போகும் இரண்டாவது குரல் அவளுடையது.

முதல் குரல்காரன் எங்கே மூச்சு வாங்குகிறானோ அங்கேதான் இரண்டாவது குரலும் வாங்க வேண்டும். இல்லையென்றால் பாட்டில் ஓட்டை விழும். அதனால் பதினேழு வயதிலிருந்து ஆர்லீனா அண்ணனின் வாயையும் நெஞ்சையும் பார்த்தே பாடினாள். வார நாட்களில் அவன் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்குவான். அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு பீன்ஸும் சோள ரொட்டியும் போடுவாள். சனிக்கிழமை மதியம் மைக். தீயணைப்பு நிலையத்து மீன் விருந்து, சர்ச் ஆண்டுக் கூட்டம், சாவு வீடு, எதையும் விட்டதில்லை. பெரிய பாட்டுக்காரர்களெல்லாம் ரெக்கார்டு போடும் நாஷ்வில்லுக்கு யாரும் கூப்பிடவில்லை.

அம்மா செத்தபோதுதான் இருவருக்கும் உறவு முறிந்தது. மலை உச்சியில் அப்பா பக்கத்தில் புதைப்பதாக ஆர்லீனா அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மூன்று நாள் மழை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றில் ஏற முடியாது என்று ஹோபர்ட் அடிவாரத்திலேயே குழி வெட்டிவிட்டான். அதன்பின் பதினோரு வருடம் பேச்சு கிடையாது. ஆனால் ரேடியோவை இருவரும் விடவில்லை. முகத்தில் விழிக்க மாட்டேன் என்றவர்கள் வாராவாரம் ஒரே மைக்கின் முன்னால் மூக்கு இடிக்காத குறையாக நின்றார்கள். வீம்புக்கு அந்தக் குடும்பத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை.

அறிவிப்பாளர் டெல்மர் பாடுதான் திண்டாட்டம்.

"ஆர்லீனா, அடுத்தது அந்த ரயில் பாட்டாம். உங்க அண்ணன் சொல்லச் சொன்னாரு."

"கேட்டுச்சு. நான் ஒண்ணும் செவிடு இல்ல."

டெல்மர் ஹோபர்ட் பக்கம் திரும்பினான். "நேரா சொல்ல வேண்டியதுதானேய்யா! எனக்கென்ன தபால்காரன் சம்பளமா குடுக்குறீங்க?"

இருவரும் சிரிக்கவில்லை.

1971 வசந்தத்தில் ஒரு நாள் ஹோபர்ட் வரியின் நடுவில் மூச்சு வாங்கினான். வாங்கவே கூடாத இடம். ஆர்லீனா யோசிக்காமல் தானும் அங்கே நிறுத்தினாள். அடுத்த வாரம் இரண்டு இடம். கோடைக்குள் வரிக்கு வரி. அவளும் கூடவே நிறுத்தியதால் அது ஏதோ புதுப் பாணி மாதிரிக் கேட்டது. நிதானமாகப் பாடுவது மனதைத் தொடுகிறது என்று கடிதங்கள்கூட வந்தன. நிலக்கரித் தூசு நெஞ்சில் படிந்த சுரங்கத்து ஆட்களின் மூச்சு இப்படித்தான் ஆகும் என்று அந்த மலையில் குழந்தைக்கும் தெரியும். அவர்களுடைய அப்பாவும் அதில்தான் போனார். ஆர்லீனா அண்ணனின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டாள். வாய் திறந்து கேட்க வீம்பு விடவில்லை. நவம்பரில்தான் அவளுக்கு உறைத்தது. வெளியே யாருக்கும் தெரியாததால்தான் அவன் இன்னும் திங்கட்கிழமை சுரங்கத்துக்குப் போகிறான். அதை வெளியே தெரியவிடாமல் மறைப்பது அவளேதான்.

அடுத்த சனிக்கிழமை, நேரடி ஒலிபரப்பில், அவன் திணறி நிறுத்தினான். அவள் நிறுத்தவில்லை. அவள் குரல் மட்டும் தனியாக நீண்டது. அதன் கீழே அண்ணனின் இழுப்பு மாவட்டம் முழுக்கக் கேட்டது. கிட்டாரில் இருந்த கை நின்றுவிட்டது. டெல்மர் அவசரமாக உரக்கடை விளம்பரத்தைப் போட்டான்.

வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில், ஹோபர்ட்தான் முதலில் பேசினான்.

"ஏன் புள்ள கைவிட்டுட்ட? ஊரே கேட்டுருச்சு."

"கேக்கட்டும்னுதான் விட்டேன். உன் பொண்டாட்டி கேக்கட்டும், உன் மேஸ்திரி கேக்கட்டும். டாக்டர்கிட்ட போண்ணே. இன்னிக்கே போ." அவள் அழுதாள். "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கணும். பாவி நான், வாயை மூடிக்கிட்டு நீ நின்ன இடத்துலெல்லாம் நின்னுக்கிட்டிருந்தேன்."

ஹோபர்ட் இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"நீ நின்னது எனக்கு மொத வாரமே தெரியும்," என்றான். "பதினோரு வருஷத்துல நீ எங்கூடப் பேசுனது அது ஒண்ணுதான். டாக்டர் பாட்டை நிறுத்தச் சொன்னா அதுவும் போயிருமேன்னுதான் புள்ள, நான் போகவே இல்ல."