பூட்டோடு வந்தவர்

நாகல் நகரில் நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கு சீல் வைக்க, பேங்கிலிருந்து ஒருத்தர் வந்தார். வீட்டுக்காரர் வீட்டு மேல வாங்கின கடனைக் கட்டவில்லை. வந்தவர் ஒல்லியான ஆள், வெயிலில் கறுத்த முகம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியேறினார்.

"என் பெரியம்மான்னு சொல்லிருங்க, வாடகைன்னு வாயத் தொறக்காதீங்க" என்று வீட்டுக்காரர் போனில் சொல்லியிருந்தார். இந்த வயசில் வேறு வீடு தேடி அலைய என்னால் ஏலாதுதான். ஆனால் ஒழுங்காக வாடகை கொடுக்கிறவள் எதுக்குப் பெரியம்மா வேஷம் போடணும்?

"வாடகைக்கு இருக்கேன் தம்பி. ஒம்பது வருசமாச்சு" என்றேன்.

"நல்லவேளை சொன்னீங்கம்மா. அவரு சொந்தக்காரங்கன்னா இப்பவே பூட்டிருப்போம். வாடகைக்கு இருக்கவங்கள அப்படி வெளியேத்த முடியாது."

ரேஷன் கார்டில் விலாசத்தைப் பார்த்து, நான் ஒம்பது வருசமா வாடகைக்கு இருக்கேன்னு ஒரு தாளில் எழுதி, கையெழுத்துக் கேட்டார். எனக்கு என் பேர் மட்டுந்தான் எழுத வரும். அதுக்கே செத்த நேரமாகும். அவர் பையில் கைநாட்டு வாங்குற மை டப்பா இருந்தது. அதை எடுக்கவே இல்லை. நான் கடைசி எழுத்தைப் போடும்வரை பேசாமல் நின்றார்.

பிறகு வீட்டை ஏலத்தில் எடுத்தவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, என்னையே குடியிருக்கச் சொல்லிவிட்டார். பூட்டோடு வந்த மனுசனுக்கு அம்புட்டுப் பொறுமை எங்கிருந்து வந்ததோ.