கொதிக்க வைக்காத தீர்த்தம்

அந்தோனியாரை நம்பி வாழும் சகோதர சகோதரிகளே, என் பேத்தி ஷாமினிக்கு இரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு ஏழு வயது. யுத்த காலம். மகன் கட்டாரில் வேலை. கொட்டாஞ்சேனை வீட்டில் நானும் மருமகள் மேரியும் பிள்ளையும்தான். துறைமுகத்தில் முப்பது வருடம் மூட்டை எண்ணிய கிளார்க் நான். எதையாவது எண்ணாமல் இருக்க முடியாது. அன்று ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து செபமாலையில் ஒரு மணியைக்கூட நகர்த்த முடியவில்லை.

மருந்து ஏற்றத் தொடங்கியதும் பிள்ளையின் தலைமயிர் கொட்டியது. அவள் உடம்பில் கிருமியை எதிர்க்கும் சக்தி இல்லை, கொதித்தாறிய தண்ணீர் மட்டும் கொடுங்கள் என்று தாதி சொன்னார். மேரி கோப்பையைக்கூடச் சுடுநீரில் கழுவினாள்.

நானோ செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோனியார் கோயிலில் ஒரு போத்தல் தீர்த்தம் எடுத்து வருகிறவன். குருவானவர் மந்திரித்த தண்ணீரை அடுப்பில் ஏற்றுவதா? ஆசீர்வாதம் ஆவியாகிப் போய்விடும் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. படித்தவன் என்ற பெயர் வேறு.

தவக்காலத்தில் ஒரு செவ்வாய், கோயிலிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். சோதனைச் சாவடியில் சிப்பாய் போத்தலைத் தூக்கிப் பார்த்தான். “சீயா, குடிச்சுக் காட்டுங்க” என்று சிங்களத்தில் தாத்தா முறை வைத்துச் சொன்னான். போத்தலில் வாய் வைத்துக் குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, இதில் என்ன கெடுதல் என்று மனம் சொன்னது.

மேரி சாப்பிடப் போன நேரம் பிள்ளைக்கு மூன்று கரண்டி ஊட்டினேன்.

“தாத்தா, அம்மாக்கிட்ட சொல்லவா?”

“வேணாம் செல்லம். இது உனக்கும் எனக்கும் அந்தோனியாருக்கும் மட்டும்.”

வியாழக்கிழமை காய்ச்சல் வந்தது. பிள்ளை கட்டில் அதிர நடுங்கினாள். காய்ச்சல் மருந்துக்குக் கேட்கவில்லை. மறுநாள் டாக்டர், வெளியிலிருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்.

“ஒண்ணுமே குடுக்கல்ல டாக்டர். தண்ணிகூட என் கையாலதான்” என்றாள் மேரி.

நான் பக்கத்தில் நின்றேன். பேசவில்லை.

தாழ்வாரத்தில் போய் முழந்தாளிட்டேன். பிள்ளையைக் குணமாக்கும் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. “அந்தோனியாரே, உம்முடைய நாக்கு கல்லறையிலும் அழியாத நாக்கு. என் நாக்கை ஒருமுறை அசைத்துவிடும்” என்றுதான் அழுதேன். எத்தனை தரம் சொன்னேன் என்று எண்ணவில்லை. எழுந்தபோது கால்கள் தாமாகவே டாக்டரிடம் போயின. மேரியின் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன், வாய் வைத்துக் குடித்ததையும் சேர்த்து.

டாக்டர் ஏசவில்லை. எப்போது, எவ்வளவு என்று மட்டும் கேட்டார். தண்ணீரில் வரும் கிருமிக்கான வேறு மருந்தை உடனே ஏற்றச் சொன்னார்.

“பக்கத்துலயே நின்னீங்களே மாமா” என்றாள் மேரி.

ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. ஷாமினி கண் திறந்து பிஸ்கட் கேட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் மேரி என்னோடு கதைக்கவில்லை. நானும் தீர்த்தம் எடுக்கப் பயந்து வெறுங்கையோடு கோயிலுக்குப் போய் வந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை அவளே வெற்றுப் போத்தலை என் பையில் வைத்திருந்தாள். நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தேன். அதை அப்படியே கேத்தலில் ஊற்றி அடுப்பில் வைத்தாள்.

“மேரி, அது தீர்த்தம்!”

“தெரியும் மாமா. அந்தோனியாருக்குச் சுடாது.”

இன்று ஷாமினி இரண்டு பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். அந்தோனியார் வழியாக ஆண்டவருக்குக் கோடி நன்றி. நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்களே, சுகத்தைக் கேளுங்கள். ஆனால் சொல்ல வேண்டியது ஒன்று உங்கள் தொண்டையில் நின்றால், முதலில் அதற்கு நாக்கைக் கேளுங்கள். அவர் தருவார். எங்கள் வீட்டில் செவ்வாய்தோறும் கேத்தல் கொதிக்கிறது. ஆறியதும் முதல் கோப்பையை மேரி எனக்குத்தான் தருகிறாள்.