ஸ்பீக்கர் என்று டிக் அடித்தவன்

இன்று மட்டாஞ்சேரி சாயாக்கடையில் என் மானம் போனது.

அடுத்த வாரம் எறணாகுளத்தில் பாட்டு, சினிமா, டெக்னாலஜி எல்லாம் சேர்ந்த பெரிய விழா. போவதற்குப் புதுச்சட்டைகூட எடுத்துவிட்டேன். ஆன்லைன் ஃபாரத்தை நிரப்பித் தருகிறேன் என்றாள் மகள்.

"அஞ்சாங்கிளாஸ் படிச்சவனா இருந்தாலும் உன்னப் பெத்தவன்டீ" என்று அவளைக் கிண்டலடித்துவிட்டு நானே நிரப்பினேன்.

நீங்கள் யார் என்று இங்கிலீஷில் கேட்டிருந்த இடத்தில், எனக்குப் படிக்க வந்தது ஸ்பீக்கர் மட்டும்தான். இருபது வருடமாகக் கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன் நான். டிக் அடித்தேன்.

இன்று விழாவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கடையே கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

எதைப் பற்றிப் பேசுவீர்கள் சார் என்றாள்.

"நம்மகிட்ட நாலு பெட்டி இருக்கு மோளே. பேசினா ஃபோர்ட் கொச்சி வரைக்கும் கேக்கும்!"

ஸ்பீக்கர் என்றால் மேடையில் பேசுகிறவர் என்று பொறுமையாகச் சொன்னாள்.

நான் தினமும் கிண்டலடிக்கும் சாயாக்கடைச் சேட்டன் கேட்டார்: "பிரசங்கம் எப்போ அண்ணாச்சி?"

நேராக வீட்டுக்கு வந்து மகளிடம் போனை நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

விழாவுக்கு வருகிறவர்களே, சும்மா வேடிக்கை பார்க்கிறவன் எதில் டிக் அடிக்க வேண்டும்?