இலஞ்சிக் குளத்தில் பாடிய பூச்சி

பூச்சிக்குப் பேர் வைப்பதும் ஒரு உத்தியோகம் என்று சொன்னால் பெண் கொடுத்த வீட்டில்கூட நம்ப மாட்டார்கள். வலையும் குப்பியுமாகக் குளக்கரைகளில் அலைந்து ஊராரிடம் பேச்சு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வதில் பொய் இல்லை என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். பையன்களுக்குத் தவளை அறுத்துக் காட்டுவது வேலை. லீவு கிடைத்தால் தண்ணீர்ப் பூச்சி தேடுவது பைத்தியம். பைத்தியம் பலித்த கதைதான் இது.

தலை ஆடி

கல்யாணமாகி வந்த முதல் ஆடிக்குத் தென்காசியில் மாமனார் வீட்டில் விருந்து. வந்த மறுநாள் காலையிலேயே புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊர்க்குளத்தில் இறங்கிவிட்டேன். வலையை ஒரு இழுப்பு இழுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் கவிழ்த்தேன். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பழுப்புப் பூச்சிகள், பின்னங்கால் இரண்டையும் துடுப்பாகப் போட்டுத் தட்டுத் தண்ணீரில் சுற்றிச் சுற்றி நீந்தின. துடுப்புப் பூச்சி! வடக்கே உண்டு, இலங்கையில் உண்டு என்று புத்தகங்கள் சொல்லும். எங்கள் ஜில்லாவில் யாரும் பிடித்ததாக எழுத்தில் கிடையாது. அதிலும் இவற்றின் முதுகில் இருந்த வரிகள் நான் எந்தப் படத்திலும் பார்க்காதவை. இன்னும் யாரும் பேர் வைக்காத பூச்சியாகவே இருந்துவிட்டால்? சேற்றில் நின்றபடியே அத்தனையையும் குப்பிக்கு மாற்றத் தொடங்கினேன்.

கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் இறங்கி வந்து, "என்ன மீனு அண்ணாச்சி?" என்று தட்டை எட்டிப் பார்த்தார். மீன் இல்லை, பூச்சி என்றேன். அவர் தட்டையும் பார்த்தார், என் வேட்டியையும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "மேலத்தெரு வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைதான நீங்க? அங்கன சோறு ஒழுங்காப் போடுதாங்களா, இல்லியா?"

ஒரு குப்பி நிறையப் பெண்கள்

அன்றைக்கே ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போய்ப் பேராசிரியர் மேஜையில் குப்பியை வைத்தேன். அவர் பூச்சிகளை ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் புரட்டினார். எனக்கு ஒவ்வொரு புரட்டலும் பரீட்சை முடிவு மாதிரி இருந்தது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தப் பூச்சிகளில் ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் உள்ள வித்தியாசம் ஆணின் உடம்பில்தான் தெளிவாகத் தெரியும். ஆணின் வால் நுனி ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். அந்தக் கோணல் வகைக்கு வகை மாறும். நான் கொண்டுபோன குப்பியில் அத்தனையும் பெண் என்றார்.

அதோடு விடவில்லை. செங்கோட்டைக்கு மேலே மலைத் தோட்டத்தில் இருக்கும் ஒரு துரையும் தண்ணீர்ப் பூச்சி சேகரிக்கிறார், சீமைக்கு அனுப்புகிறார் என்றார். யார் முதலில் விவரத்தை அச்சில் கொண்டுவருகிறார்களோ அவர் வைத்த பேர்தான் நிற்கும். இரண்டாவது வருகிறவருக்கு வெறும் சேறுதான். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். "பொண்ணு மட்டும் இருந்தா கல்யாணப் பத்திரிகை அடிக்க முடியுமாவே? போயி மாப்பிள்ளையத் தேடிக் கூட்டிட்டு வாரும்!"

எல்லைச் சாவடி

செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம். அந்தப் பக்கத்துக் குளங்களையும் பார்த்துவிடலாம் என்று போனேன். சாவடியில் என் பையைத் திறந்த காவலர் ஸ்பிரிட் குப்பிகளை வெளியே எடுத்தார். மூடியைத் திறந்து மோந்தார். முகம் மலர்ந்தது, உடனே இறுகியது. சாராயம் கடத்துகிறேன் என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். பூச்சி கெடாமல் இருக்க அதில் போட்டு வைப்போம் என்று வழியில் பிடித்த ஒரு தண்ணீர் வண்டைப் போட்டுக் காண்பித்தேன். காவலர் குனிந்து, அது அசைவதை நிறுத்தும்வரை கவனமாகப் பார்த்தார். தோட்டத்து துரையும் இப்படித்தான் குப்பி குப்பியாகக் கொண்டுபோகிறார் என்று அவரே சொன்னார். போகலாம் என்று விட்டதும் ஓட்டமும் நடையுமாகக் குளத்துக்குப் போனேன்.

செங்கோட்டைக் குளங்களிலும் ஆண் அகப்படவில்லை. வெறுங்கையோடு திரும்பும்போது அதே காவலர் என்னை மறித்து, மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "சாரே, இந்தப் பூச்சிக்குக் குடிச்சிட்டுச் சாகுற யோகம் இருக்கே, அது போன ஜென்மத்துல என்ன புண்ணியம் செஞ்சதோ?"

கோமதியின் காது

விருந்துக்கு வந்தவன் வீட்டில் தங்குவதே இல்லை என்று மாமியார் முகம் கோணத் தொடங்கியிருந்தது. அதனால் ஒரு நாள் என் மனைவி கோமதியைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன். நல்ல சாரல். பெரிய அருவியில் குளித்தோம். அங்கே தண்ணீர் இருந்த வேகத்துக்குப் பூச்சி என்ன, நானே நிற்க முடியவில்லை. திரும்பும் வழியில் இலஞ்சிக் குளத்து மடைப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கோமதி படித்துறையில் உட்கார்ந்தாள். நான் வலையோடு இறங்கித் தண்ணீரை அலசினேன். மறுபடியும் பெண்கள். நான் இதுவரை ஏமாந்த இடங்களோடு இதுவும் ஒன்று என்று வலையைக் கரையில் எறிந்துவிட்டு உட்கார்ந்தேன்.

"அது என்ன சத்தம்?" என்றாள் கோமதி. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "கடியாரத்துக்குச் சாவி குடுக்க மாதிரி கேக்குதே. தண்ணிக்குள்ள இருந்து வருது" என்றாள். அவள் சின்ன வயதிலிருந்து பாட்டுப் படித்தவள். சுருதி விலகினால் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் முகம் சுளிப்பாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. துடுப்புப் பூச்சியில் ஆண்தான் பாடும், பெண்ணைக் கூப்பிட! புத்தகத்தில் படித்திருந்தேன், குளத்தில் நினைக்கவில்லை.

அவள் படியில் மெல்ல நகர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாசி படிந்த ஒரு கல்லைக் கையால் காட்டினாள். அந்தக் கல்லோடு ஒட்டித் தட்டை இறக்கி மொண்டேன். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வால் நுனி கோணல்! இன்னொன்று, அதுவும் கோணல்! படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, "மாப்பிள்ளை கெடைச்சாச்சு!" என்று நான் கத்தினேன். கோமதி வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அது பாட்டுக்கு இத்தன நாளும் பாடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நீங்கதான் தண்ணியக் கலக்கிக்கிட்டே இருந்தீய."

பேர் சூட்டு விழா

பேராசிரியர் இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வராந்தாவுக்கு ஓடி, கணக்கு வாத்தியார், இங்கிலீஷ் வாத்தியார் எல்லாரையும் கூப்பிட்டு வரிசையாக மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை; ஆனாலும் கை குலுக்கினார்கள். சந்தேகமே இல்லை, உலகத்துக்குப் புதிய வகை.

பேர் என்ன வைப்பது என்பதில்தான் சண்டை. கலெக்டர் பேரை வைத்தால் கல்லூரிக்கு நல்லது என்றார் ஒருவர். நான் 'இலஞ்சியென்சிஸ்' என்றேன், இலஞ்சியைச் சேர்ந்தது என்று அர்த்தம். வெள்ளைக்காரன் வாயில் நுழையாது என்றார்கள். "பழைய தமிழில் இலஞ்சி என்றாலே குளம்தான். குளத்துப் பூச்சிக்கு இதைவிடப் பொருத்தமாக எந்தக் கலெக்டர் பேர் இருக்கிறது?" என்றேன். பேராசிரியர் பேனாவைத் திறந்து தன் கையாலேயே எழுதினார். கீழே, அதன் குரலை முதலில் கேட்டவர் என்று கோமதியின் பேரையும் எழுதச் சொல்லி நான் பிடிவாதமாக நின்றேன். அதையும் எழுதி முடித்துப் பேராசிரியர் சொன்னார்: "வெள்ளைக்காரன் வாயில நுழையலன்னா, நுழையுற வரைக்கும் சொல்லிப் பழகட்டும்வே."

துரையின் வருகை

கட்டுரை அச்சாகி வந்த பிறகு ஒரு நாள் அந்தத் தோட்டத்து துரை எங்கள் கல்லூரிக்கே வந்துவிட்டார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று அட்டெண்டர் பயந்துபோய்ச் சொன்னான். எனக்கும் உள்ளூரப் பயம்தான். உயரமான, வெயிலில் சிவந்த மனிதர். பெட்டியைத் திறந்து தன் குப்பிகளை மேஜையில் அடுக்கினார். அதே பூச்சி. ரொம்ப நாளாக வைத்திருக்கிறார். எல்லாம் பெண்! மைக்ராஸ்கோப்பில் என் ஆணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கண்ணில் தோற்றவனின் கசப்பு ஒரு நிமிஷம் இருந்தது, பிறகு போய்விட்டது. என் கையைப் பிடித்துக் குலுக்கி, தோட்டத்தில் கற்ற தமிழில் சொன்னார்: "எனக்கு வலை இருக்கு, கூலி ஆள் இருக்கு. உன் சம்சாரம் காது மட்டும் இல்லை."

ஊரார் தீர்ப்பு

அச்சான கட்டுரையை எடுத்துக்கொண்டு நானும் கோமதியும் இலஞ்சிக்குப் போனோம். மடைப் பக்கம் மண்வெட்டியோடு நின்ற சம்சாரி ஒருவரிடம் பக்கத்தைக் காட்டி, உங்கள் ஊர்ப் பேர் சீமைவரைக்கும் போய்விட்டது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். நாங்கள் கிளம்பும்போது வண்டியின் பின்னாலேயே வந்து சொன்னார்: "அவ்வளவு தூரம் தெரிஞ்சு போச்சுல்லா, அப்படியே இந்த மடை ஒழுகுதுன்னும் அவங்களுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க."

முதலில் வைத்த பேர்தான் நிற்கும் என்ற சட்டம் எத்தனை கெட்டியானது என்பதை, அந்த ஆடியில் தென்காசித் தெருப் பிள்ளைகள் எனக்கு வைத்த 'பூச்சி மாமா' என்ற பேரைத் தலை நரைத்த பிறகும் சுமந்துகொண்டு திரிகிற நான்தான் நன்றாக அறிவேன்.