இருசம்மாள் கேட்ட மண்ணெண்ணெய்

இருசம்மாளைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம் வரும். அவள்மேல் இல்லை, இந்தத் தங்கதுரைமேல். அதாவது என்மேல்.

2003இல் காவல்துறையின் துப்பாக்கிப் பயிற்சி ஆசிரியர் தேர்வுக்குப் போன எங்கள் பத்து ஏட்டுகளில் அவள் ஒருத்திதான் பெண். வடக்கனந்தல்காரி. அப்பா பச்சமுத்து ஒரு நிலக்காரரின் மாட்டுவண்டியை ஓட்டியவர். அம்மா களையெடுக்கப் போனவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பதினோரு வருடம் இருசம்மாளை வாசலில் பாரா நிற்கவே வைத்திருந்தார்கள். இந்தத் தேர்வில் தேறினால்தான் அதிலிருந்து விடுதலை.

கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த சுடுதளத்தில் கடைசி நாள் சோதனை. ஆளுக்கொரு பழைய ரிவால்வர். உள்ளே குண்டு இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பேரலுக்குள் வெளிச்சம் பார்க்க வேண்டும். பிறகு குண்டு போடும் சிலிண்டரைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். அது ஆடினால் குண்டு பேரலுக்கு நேராக வராது. சுடுகிறவர் கைக்கும் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் உத்தரவாதம் இல்லை. எல்லாம் சரியென்றால் அட்டையில் ‘தகுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் புதிதாய்ச் சேர்ந்த பெண் காவலர்கள் அவற்றை வைத்துச் சுடுவார்கள்.

ரிவால்வர்களுக்கு என் அப்பா வயது இருக்கும். ஆனாலும் கிரீஸ் பூசிப் பளபளவென்று வந்திருந்தன. நான் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. கையெழுத்துப் போட்டேன். ஒன்பது பேரும் போட்டோம்.

இருசம்மாள் மட்டும், “கொஞ்சம் மண்ணெண்ண வேணும் சார்” என்றாள்.

“இன்னாத்துக்கு? அடுப்பு பத்த வைக்கவா?” என்றார் தேர்வு அதிகாரி இன்ஸ்பெக்டர் சுப்புராயன்.

நாங்கள் சிரித்தோம். வெட்கங்கெட்ட சிரிப்பு. அவள் சட்டை செய்யவில்லை.

“கிரீஸு ஜாஸ்தியா கீது சார். பழைய வண்டிய சந்தையில விக்கிறவன் அச்சுல வண்டி மைய அப்பிக்கினுதான் வருவான். சக்கரத்த எவ்ளோ ஆட்டினாலும் ஆடாது. நெலக்காரரு அப்டி வாங்கின வண்டியில கரும்பு ஏத்திக்கினு வந்துதான் எங்கப்பனுக்குக் கால் போச்சு. தொடச்சிட்டுத்தான் ஆட்டிப் பாப்பேன்.”

சமையல்காரர் கொண்டுவந்த மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, சிலிண்டரின் பின்பக்கப் பல்லில் அடைத்திருந்த கிரீஸைத் தோண்டி எடுத்தாள். பிறகு ஆட்டினாள். பத்தடி தள்ளி நின்ற எனக்கே லொடலொடவென்று கேட்டது.

அட்டையில் ‘தகுதியில்லை’ என்று எழுதி நீட்டினாள்.

சுப்புராயனுக்கு முகம் கறுத்துவிட்டது. “போன மாசம் நானே பாத்து சர்ட்டிபிகேட் குடுத்தது இது. மாத்தி எழுது. இல்லன்னா தகுதியில்லாதது நீதான். போய் பாரா நில்லு.”

“நிக்கிறேன் சார். பதினோரு வருசம் நின்ன காலு, இன்னமும் நிக்கும். ஆனா இதுல என் கையெழுத்து வராது.”

“பொம்பள பயந்துக்கினு பேசறா. நானே சுட்டுக் காட்டறேன்!” என்று ஆறு குண்டுகளையும் போட்டுக் கையைத் தூக்கினார்.

யாரும் சொல்லாமலே நாங்கள் ஒன்பது பேரும் பின்னால் நகர்ந்தோம். இருசம்மாள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“சுடாதீங்க சார். என் பேச்ச நம்ப வேணாம். தகுதின்னு எழுதின ஒம்போது பேரையும் திரும்பிப் பாருங்க. கை இன்னா எழுதிச்சு, காலு எங்க போய் நிக்குதுன்னு பாருங்க.”

அவர் திரும்பினார். முதலில் அவர் கண்ணில் பட்டது என் முகம்தான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. குண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் வைத்தார். பத்தையும் துடைத்துப் பார்த்ததில் ஆறு ஆடின. என்னுடையதும்தான்.

மறுநாள் யாரும் சுடவில்லை. எங்கள் பத்துப் பேர் தேர்வும் ரத்தானது. திரும்பும் பஸ்ஸில், “எல்லாத்தியும் கெடுத்துட்டா” என்று அவள் காதுபடவே சொன்னேன்.

“ஆமாண்ணே, கெடுத்துட்டேன்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடியும் பாராவுக்கே போனாள்.

நான்கு மாதம் கழித்து நடந்த மறுதேர்வில் அவள் தேறினாள் என்று எழுதிக் கொடுத்தது மாலையில். எனக்கு அது காலையிலேயே தெரிந்துவிட்டது. மேசையில் பத்து ரிவால்வர்கள், புதுக் கிரீஸோடு. இருசம்மாள் தன் பையிலிருந்து ஒரு மண்ணெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து நடுவில் வைத்தாள். முந்திக்கொண்டு கை நீட்டியவன் நான்தான்.

அவள் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“மொதல்ல உள்ள குண்டு இல்லன்னு பாருங்கண்ணே.”