கோஷர் அடுப்பில் அறுபது பேருக்கு எலுமிச்சை சாதம்

நயாகரா போனால் எழுதலாம், முப்பத்தெட்டு மைல் தள்ளிப் போய்ச் சமைத்துவிட்டு வந்ததையெல்லாமா எழுதுவது என்று கேட்பீர்கள். எழுதத்தான் போகிறேன். என்னோடு வேலை பார்க்கும் டேன், வட நியூ ஜெர்சியில் ஒரு சினகாக்குக்கு, அதாவது யூதர்களின் கோயிலுக்கு, போகிறவர். அங்கே ஞாயிறுதோறும் பசியென்று வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடும் ஒரு பை மளிகையும் தருகிறார்கள். போன மாதம் ஒரு வாரம் சமைக்கிறவருக்குக் காய்ச்சல். அறுபது பேருக்குச் சூடாக ஏதாவது செய்ய முடியுமா என்று டேன் கேட்டார். கோஷர் சமையலறை, யூத ஆசார விதிப்படிதான் அங்கே சமைப்பார்கள் என்றும் சொன்னார். சைவத்தைவிடச் சுத்தம் என்ன இருக்கப்போகிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு அண்டா புளியோதரை கிளறினோம், நானும் மனைவி சுமதியும். எங்கள் ஊர் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து எட்டு பத்துக்குக் கிளம்பி, பார்க்வே நெடுஞ்சாலை வழியாக ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். டோல் இரண்டு டாலர் சொச்சம். பார்க்கிங் இலவசம்.

சமையலறைப் பொறுப்பாளர் ரூத் ஆன்ட்டி வாசலிலேயே அண்டாவை நிறுத்திவிட்டார். எழுபது வயதிருக்கும். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்: "மன்னிச்சுக்கோங்க. வெளியே சமைச்சது எதுவும் இந்தக் கிச்சனுக்குள்ள வரக்கூடாது. வெஜிடேரியனா இருந்தாலும்தான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சுமதி காதோரமாகச் சொன்னாள்: "ஏங்க, நம்ம கிச்சனுக்குள்ள யாராவது சிக்கன் பாத்திரத்தைக் கொண்டு வந்தா நீங்க அலவ் பண்ணுவீங்களா? பேசாம இருங்க."

அண்டாவைத் திரும்பக் காரில் ஏற்றினேன். ஆனால் பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தால் ரொட்டியும் சாலடும்தான் இருக்கும். வெளியே குளிர் நடுக்கியது. வருகிறவர்களில் பலருக்கு அன்றைக்குக் கிடைக்கும் ஒரே சூடான சாப்பாடு அதுதான் என்று டேன் சொல்லியிருந்தார்.

"இங்கே இருக்கிறதை வச்சு ஏதாவது பண்ண முடியுமா?" என்றார் ரூத் ஆன்ட்டி.

அலமாரியைக் குடைந்தேன். அரிசி, எலுமிச்சை, பச்சை மிளகாய், மஞ்சள் தூள், கடுகு, கோஷர் முத்திரை போட்ட எண்ணெயும் வறுத்த வேர்க்கடலையும். காரிலிருந்த பெருங்காய டப்பாவை எடுத்து வந்தேன். ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை இல்லை, கூடாது. பெருங்காயம் இல்லாமல் தாளிப்பா? என் மாமியாருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். பச்சை மிளகாயைக் கூடுதலாகக் கீறினேன்.

அடுப்பையும் நான் பற்ற வைக்கக்கூடாதாம், அவர்களில் ஒருவர்தான் பற்ற வைக்க வேண்டும். ஆன்ட்டி பற்ற வைத்தார். பிறகு எதிரே உட்கார்ந்து, ஒரு தட்டில் அரிசியைப் பரப்பிப் பூச்சி பார்த்தார். சுமதியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இருவரும் விரலால் அரிசியை ஒதுக்கும் விதம் ஒன்றுபோலவே இருந்தது. என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. புளியோதரையும் வீணாகவில்லை; நாலு தெரு தள்ளி ஒரு சர்ச்சில் வீடில்லாதவர்களுக்காக நடக்கும் ஷெல்டரில் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள்.

பதினொன்று ஐம்பதுக்கு எலுமிச்சை சாதம் தயார். சுமாராக இல்லை, நன்றாகவே இருந்தது.

நீங்களும் போவதாக இருந்தால்: சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், அன்று போகாதீர்கள். ஒரு வாரம் முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சமைத்தது வேண்டாம், முத்திரையுள்ள, பிரிக்காத மளிகை கொண்டுபோங்கள். முக்கியமாக, பரிமாறி முடித்ததும் ஏப்ரனைக் கழற்றிவிட்டு, சாப்பிட வந்தவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். யார் கொடுக்க வந்தவர், யார் வாங்க வந்தவர் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பது அங்கே பழக்கம். முதலில் எனக்கு இது கொஞ்சம் நாடகமாகத்தான் பட்டது.

என் எதிரே ஒரு தமிழ்த் தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. தட்டைத் தொடவும் இல்லை. நான் சாதத்தைப் பிசைந்து நாலு வாய் சாப்பிட்ட பிறகுதான் அவர் ஸ்பூனை எடுத்தார். கணவர் தணிந்த குரலில் கேட்டார்: "சார், உங்களுக்கும் லேஆஃபா? எப்போ வேலை போச்சு?"

சுமதி என்னைப் பார்த்தாள்.

"எங்களுக்கும் பசிதாங்க," என்றேன். "காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலை."

அந்தப் பெண் நிமிர்ந்து, எலுமிச்சை சாதப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். "அப்போ இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க."