லவுஞ்சில் கட்டிய பட்டுப்புடவை

குளிப்பதற்கு டோக்கன் வாங்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கோலாலம்பூர் விமான நிலையத்தில், காசு கட்டினால் யாரையும் உள்ளே விடும் லவுஞ்ச் ஒன்றில், மேசைக்குப் பின்னால் நின்ற பெண் என் பெயரைக் கேட்டுக்கொண்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைத் தந்தாள். குளியலறை காலியானதும் அது கையில் துடிக்குமாம். அதுவரை சோபாவில் சாய்ந்திருக்கலாமாம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கும் முறை உண்டு. ஆனால் அந்த முறையைக் கதவைத் தட்டித்தான் வாங்க வேண்டும். "இன்னாக்கா, உள்ளயே குடித்தனம் நடத்திக்கினு இருக்கியா?" என்று என் தம்பி வேலு போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறியே ஒரு நிமிடம் நின்று ஓடும். இங்கே சத்தமே இல்லை. துடிக்கப்போகிற பெட்டியை வைத்துக்கொண்டு நான்தான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன்.

மெல்பர்னுக்குக் குடிவந்து பதினான்கு வருடமாகிறது. அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையல்கூடத்தில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் லவுஞ்ச் வாசலைக் கடந்து போவேனே தவிர, உள்ளே எட்டிப்பார்த்ததில்லை. ஓசியில் உட்கார அத்தனை நாற்காலி கிடக்கும்போது, காத்திருப்பதற்குக் காசு கட்டுவானா ஒருத்தன் என்று என் கணவரிடம் கேலி செய்வேன். சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டப்பாவில் கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடிப்பதுதான் என் பயணம். என் வாயாலேயே அந்தக் கேலியை நான் விழுங்க நேர்ந்ததற்குக் காரணம் வேலுவின் கல்யாணம்.

வேலுவுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும், மற்ற இரண்டு முடிச்சையும் போட வேண்டியவள் நாத்தனார். நான் வரும் தேதியைக் கேட்டுத்தான் முகூர்த்தமே குறித்தார்கள். அன்று நான் உடுத்த வேண்டிய புடவையையும் அவனே நெய்து, ஜாக்கெட் தைத்துக்கொள்ளட்டும் என்று தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுத்தனுப்பியிருந்தான். முந்தைய நாளே ஊர் போய்ச் சேர வேண்டியவள். மெல்பர்னில் விமானம் பழுதாகி எல்லாம் தள்ளிப்போயிற்று. இப்போது காலை விமானத்தைப் பிடித்துச் சென்னையில் இறங்கினால், விமான நிலையத்திலிருந்து நேராக மண்டபத்துக்குத்தான். வீட்டுக்குப் போகவோ குளிக்கவோ நேரமே கிடையாது. குளிக்காத உடம்போடு தாலியைத் தொட எனக்கு மனசு வராது. போனில் அவனிடம் அழுதேவிட்டேன். "அழாதக்கா. அங்கயே எங்கனா குளிச்சிட்டுப் பொடவையக் கட்டிக்கினு வந்துடு. நீ வராம நான் முடிச்சு போட மாட்டேன்" என்றான். சொன்னால் செய்கிறவன். அதுதான் எனக்குப் பயம்.

குளியலறைக்கு முறை வரும்வரை சோபாவில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் இடுப்பு தன் பாட்டுக்கு ஆறுதல் தேடிக்கொண்டது. எதிரே நீளமான மேசையில் தேங்காய்ப்பால் சோறும், ரொட்டியும் பருப்பும், பழங்களும் ஆவி பறந்துகொண்டும் பளபளத்துக்கொண்டும் இருந்தன. இரவெல்லாம் விமானத்தில் பட்டினி. இருந்தும் நான் எழுந்திருக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் யாராவது வந்து, "எழுந்திரும்மா, சாப்பிட்டுட்டு வந்துடு" என்று கையைப் பிடிக்காமல் பந்திக்குப் போகிற வழக்கமில்லை. தானாகப் போய்க் குந்துகிறவளைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அந்தப் பழக்கத்தில், யாராவது கூப்பிடுவார்கள் என்று நானும் உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் டோக்கன் கொடுத்த பெண்ணே வந்து, "உடம்பு சரியில்லையா? ஏன் சாப்பிடவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சட்டையில் ஆயிஷா என்று பெயர் குத்தியிருந்தது. "நீங்கள் இன்னும் சொல்லவில்லையே" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். பிறகு பல் தெரியச் சிரித்து, "ஈட், கக்கா, ஈட்!" என்றாள். மலாய் மொழியில் அக்காவுக்குக் கக்கா என்று பேர். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது.

குளியலறையைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவளாவேன். திருகியதும் கொதிக்காமலும் குளிராமலும் சரியான பதத்தில் தலையில் இறங்கும் தண்ணீர். போர்வை கனத்தில் வெள்ளைத் துண்டு. எலுமிச்சைப்புல் வாசனை அடிக்கும் சோப்பு. கூந்தலை உலர்த்த ஒரு கருவி. எல்லாவற்றையும்விட, தலை முதல் கால் வரை காட்டும் ஒரு கண்ணாடி, அதுவும் எனக்கே எனக்கு. எங்கள் ஊர் மண்டபத்தில் பெண்கள் அறை என்று ஒன்று இருக்கும். ஒரு கண்ணாடிக்குப் பத்துப் பேர், ஒரு ப்ளக்குக்கு ஐந்து பேர், கொசுவத்தை மடித்துப் பிடித்தபடி ஊக்குக்கு அலைகிறவர்கள் வேறு. என் கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு நிதானமாகக் குளித்ததில்லை. காசு வாங்கினாலும் மரியாதையாகத்தான் வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு நாள் கேலி செய்தேனே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

புடவையைப் பிரித்தபோதுதான் திக்கென்றது. மாம்பழ நிறத்தில் உடல், அரக்கில் கரை. புத்தம்புதுசு. மூலையில் மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் புதுத்துணி உடுத்துவதில்லை. சாமி விளக்குக்கு முன்னால் நடக்க வேண்டிய காரியம், பறந்த அவசரத்தில் மறந்தே போயிருந்தது. பழைய உடையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து ஆயிஷாவிடம் மஞ்சள் கிடைக்குமா என்று கேட்டேன். தலையாட்டிப் போனவள், கண்ணாடிக் குவளையில் நுரை ததும்ப மஞ்சள் பால் கொண்டுவந்தாள். தொண்டை வலி என்று நினைத்துவிட்டாள் போல. நான் புடவையைக் காட்டினேன், மூலையைக் காட்டினேன், விரலால் பொட்டு வைப்பதுபோல் செய்தேன், தம்பி, கல்யாணம் என்றேன். கல்யாணம் என்றதும் அவள் முகம் மாறியது. சமையலறைக்குள் ஓடிப்போய், பச்சை மஞ்சள் கிழங்கைக் குறுக்கே நறுக்கி, காபித் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். எங்கள் வீட்டில் தூளைத்தான் குழைப்போம். இது அதைவிட விசேஷம். வேலுவை நினைத்துக்கொண்டு மூலையில் ஒரு பொட்டு வைத்தேன். மஞ்சள் பாலையும் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

பட்டுடுத்தி, பூ இல்லாத தலையோடு சோபாவில் வந்து உட்கார்ந்தபோது உலகமே என் பக்கம் இருந்தது. புறப்படும் நேரம் வந்தால் கூப்பிடுவார்கள் என்று இருந்தேன். சோற்றில் செய்த அதே தப்பு! அந்த லவுஞ்சில் விமான அறிவிப்பு எதுவும் கிடையாது, திரையைப் பார்த்து நாமேதான் எழுந்து போக வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்த அமைதியில் கண் அசந்துபோனேன். தோளை யாரோ உலுக்கினார்கள். ஆயிஷா. "கக்கா! சென்னை! கல்யாணம்!" என்று அவள் கத்தியதில் கணினியில் மூழ்கியிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். திரையில் என் விமானத்துக்கு நேரே 'கடைசி அழைப்பு' என்று சிவப்பாக மின்னியது. பையை அவள் தூக்கிக்கொள்ள, கொசுவத்தை ஒரு கையில் அள்ளிக்கொண்டு நான் ஓடினேன். கேட்டை மூட நின்றவர்கள் பட்டுப்புடவையில் ஒருத்தி பாய்ந்து வருவதைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். திரும்பிப் பார்த்து நன்றி சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது. அது இன்றைக்கும் எனக்கு மனக்குறைதான்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது தாலித் தட்டை எல்லோரும் தொட்டுக் கும்பிடக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். மேடையில் வேலு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "அய்யரே, எங்கக்கா வந்துட்சி, ஆரம்பிங்க" என்றான். மேளம் கொட்ட, அவன் ஒரு முடிச்சு, நான் இரண்டு. நான் குனிந்தபோது மணப்பெண், "அக்கா, உங்க கை இன்னா இப்டி மணக்குது!" என்று காதோரம் கேட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கீழே இறங்கியதும் எங்கள் சித்தி பிடித்துக்கொண்டார். "புதுப் பொடவைக்கு மஞ்ச வச்சியாமா?"

"வச்சேன் சித்தி. ஏர்போர்ட்ல."

"ஏர்போர்ட்ல வச்சதெல்லாம் கணக்குல வராதும்மா. இந்தாண்ட வா." சொல்லிக்கொண்டே தட்டிலிருந்து மஞ்சளைத் தொட்டு, முந்தானை மூலையில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார்.

மெல்பர்னுக்குத் திரும்பி வந்த பிறகு அந்தப் புடவையைக் காற்றாட விரித்தேன். இடுப்பில் செருகும் உள்தலைப்பின் மூலையில் ஆயிஷா தந்த கிழங்கின் பொட்டு, கொஞ்சம் சிவந்து காய்ந்திருக்கிறது. முந்தானை மூலையில் சித்தி வைத்தது. விரித்துப் போட்டால் இரண்டுக்கும் நடுவில் ஒரு முழுப் புடவையின் தூரம். எது கணக்கில் வரும், எது வராது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு மூலையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, கணவரும் வேலைக்குப் போயிருக்க, மடிக்க நடுப்பகுதியைப் பிடிக்க ஆள் இல்லாமல், கூடத்தின் நடுவே வெகுநேரம் நின்றிருந்தேன்.